ஞாயிற்றுக்கிழமைக் கடல்

இவர்கள் என் ஊர்க்காரர்களாக இல்லாமல் இருந்தால் இந்த வேலை எவ்வளவு சுலபமாக முடிந்திருக்கும். ஒரு கையெழுத்து, ஒரு சிவப்புப் புள்ளி. அப்புறம் எழுந்து காப்பி குடிக்கப் போயிருக்கலாம்.

ஜெனோவா இதை மனசுக்குள்தான் நினைத்தாள். எதிரே இயக்குநர் கோபாலரத்தினம் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் சுவர்த் திரையில் செம்மணல்துறை விரிகுடாவின் ஆறு மாத நெகிழிக் குப்பை வரைகோடு தெரிந்தது. திங்களிலிருந்து சனி வரை தரையோடு கிடந்த கோடு, ஞாயிறு பிறந்ததும் எகிறியது. திங்கள் மதியத்துக்குள் மறுபடி படுத்துக்கொண்டது. இருபத்தாறு ஞாயிறு, இருபத்தாறு பல். ரம்பத்தைத் தூக்கி நிறுத்தி வைத்தது போல் இருந்தது.

"இது உங்க ஊர்தானே?"

"ஆமா சார்."

"வேலையில சேர்றப்போ தூத்துக்குடின்னு சொன்ன மாதிரி ஞாபகம்."

"தூத்துக்குடி பக்கம் சார்."

பன்னிரண்டு வருடமாக எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லிவந்தாள். பொய்யில்லை. ஊர்ப் பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும், அதற்கடுத்து ஒரு கேள்வி, கடைசியில் எதிரில் இருப்பவர் தன்னை அறியாமல் மூக்கைச் சுளித்துவிடுவார். 'பக்கம்' என்ற சொல் அந்தக் கேள்விகளையெல்லாம் வாசலிலேயே நிறுத்திவிடும்.

அந்தக் கோட்டுக்குக் கணக்கு அனுப்பும் கடல் மிதவைகள் அவள் உருவாக்கிய பிள்ளைகள். அதில் அவளுக்கு உள்ளூர ஒரு கர்வம் உண்டு. இளநீர்க் காய் அளவுள்ள உருண்டைகள். தம்மைக் கடந்து போகும் ஒவ்வொரு பையையும் பாக்கெட்டையும் மூடியையும் உறிஞ்சுகுழலையும் நீருக்கடியில் இருந்து பார்த்து எண்ணும். காற்றையும் நீரோட்டத்தையும் பின்னோக்கிக் கணித்து, இது எந்தக் கரையிலிருந்து கிளம்பியது என்று சொல்லிவிடும். கடலுக்கு முதல்முறையாகச் சாட்சி சொல்ல வாய் கிடைத்தது என்று பத்திரிகைகள் எழுதின. சுத்தமான கரைக்குப் பச்சைப் புள்ளி, தவறு செய்த கரைக்குச் சிவப்பு. சிவப்பு விழுந்தால் அந்தத் துறையில் ஆறு மாதம் மீன் இறக்கக் கூடாது.

"ஆறு வருஷத்துல ஆத்து வழியா வர்ற நெகிழி எழுபது சதம் குறைஞ்சிருக்கு. உள்நாட்டு ஊர்களெல்லாம் திருந்திட்டாங்க. அதுக்கு ஆதாரமே உங்க விரிகுடாதான். ஆறு வந்து சேர்ற இடமாச்சே," என்றார் கோபாலரத்தினம். "அடுத்த வாரம் தளர்வுக் குழு கூடுது. இவ்வளவு குறைஞ்சதால சின்ன பாக்கெட்டுகளுக்கு இருக்கிற கட்டுப்பாட்டை எடுத்துடலாம்னு பேசறாங்க. இந்த நேரத்துல இந்த ஞாயிறு மட்டும் பல்லைக் காட்டுது."

"அது ஆறு இல்ல சார். ஆத்துக்கு ஞாயித்துக்கிழமை தெரியாது. மனுஷங்களுக்குத்தான் தெரியும். லீவு நாள்ல கரைக்கு வர்ற கூட்டம் போடறது. கணிப்பு மாதிரியில நான் அப்படித்தான் எழுதியிருக்கேன்."

"அப்போ உங்க ஊர்தான் போடுது."

அவள் திரையிலிருந்த பற்களைப் பார்த்தாள்.

"நீங்களே நேர்ல போய்ப் பாருங்க. உங்ககிட்டன்னா மறைக்க மாட்டாங்க. ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்குச் சிவப்பு, பச்சைப் பட்டியல் தானாவே வெளியாகிடும். அதுக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க."

*

வெள்ளிக்கிழமை மதியம் செம்மணல்துறையில் இறங்கியபோது, ஒரு திருடனின் வீட்டுக்கு விருந்துக்குப் போகிறவளைப் போலத்தான் இருந்தது அவளுக்கு. திருடன் சொந்த அண்ணனாகவும் இருந்தான்.

"வா வா. கிறிஸ்துமஸ் இன்னும் வரலியே, நீ எப்படி வந்த?" என்றாள் அண்ணன் மனைவி செலஸ்டினா. கை நிறைய மீன் செதிள். துறையில் மீன் ஏலம் விடுகிறவள் அவள்தான். நாற்பது வள்ளமும் அவள் குரலுக்குக் கட்டுப்படும்.

"வேலையா வந்தேன் மைனி."

"வேலையா? எங்க ஊர்ல உனக்கு என்ன வேலை? ஒரு வருசத்துக்கு ஒரு நாளு வந்து, புதுச்சேலை கட்டிட்டுப் பூசை பாத்துட்டு, மறுநா பஸ் ஏறுத ஆளு."

அண்ணன் கஸ்பார் தின்பண்டத் தட்டை நகர்த்தினான். "உங்க நக்கி ஒண்ணு போன வாரம் என் வலையில மாட்டிச்சு பிள்ள. கும்பிட்டுத் திரும்ப விட்டேன். அரசாங்கச் சொத்துல்லா."

மிதவைக்கு இந்த ஊரில் நக்கி என்றுதான் பெயர். நாள் முழுக்கக் கடலை நக்கிக்கொண்டு கிடக்கிறதாம். பத்து வருட உழைப்பு, அவளுக்குச் சுருக்கென்றது.

அன்று மாலை வரை அவள் வேவு பார்த்தாள். தன் வீட்டையே. அடுக்களையில் ஒரு பாக்கெட் இல்லை. கடைக்குப் போய் ஷாம்பு கேட்டாள். கடைக்காரர் அவள் கையைப் பார்த்தார். "குப்பி எங்க? வெறுங்கையோட வந்தா எதுல ஊத்த?" என்றார். வரிசையாய்த் தொங்கும் பாக்கெட் சரங்கள் எங்கும் இல்லை. பெரிய ஜாடிகள், மூக்குச் செம்பு, அளவுக் குவளைகள்தான் இருந்தன. மீன் வாங்க வருகிறவர்கள் ஓலைப் பெட்டியோடும் அலுமினியச் சட்டியோடும் வந்தார்கள்.

ஆறு நாள் இப்படி இருந்துவிட்டு ஏழாம் நாள் மட்டும் ஏன்? என்று இரவு படுக்கையில் யோசித்தாள். என்ன செய்கிறீர்கள் ஞாயிற்றுக்கிழமையில்? வெளியூரிலிருந்து யார் வருகிறார்கள்? கேட்டுவிடலாம். ஆனால் கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் எழுத வேண்டும். அண்ணனின் ஊரைச் சிவப்பாக்கிவிட்டு அடுத்த கிறிஸ்துமஸுக்கு எந்த முகத்தோடு வருவது என்ற கவலையை விட, சிவப்பானால் இனி வரவேண்டியதில்லையே என்று ஒரு கணம் தோன்றிய நிம்மதிதான் அவளைப் பயமுறுத்தியது.

*

சனிக்கிழமை காலை வள்ளங்கள் கரை சேர்ந்தன. ஜெனோவா பள்ளிக்கூடக் காலத்துக்குப் பிறகு இந்தக் காட்சியைப் பார்த்ததே இல்லை. அவள் வருவது பண்டிகைக்கு. பண்டிகையில் யாரும் கடலுக்குப் போவதில்லை.

மீன் பெட்டிகளை இறக்கப் போகிறார்கள் என்று எதிர்பார்த்தாள். ஒவ்வொரு வள்ளத்திலிருந்தும் முதலில் ஒரு சணல் சாக்கு இறங்கியது. நீர் சொட்டச் சொட்ட, உப்பி, கனத்து. ஏலத் திட்டில் நின்ற செலஸ்டினாவின் முன்னால் அவற்றை வரிசையாக வைத்தார்கள்.

"சாக்கு மொதல்ல, மீன் பொறவு!" அவள் குரல் அலையைத் தாண்டிக் கேட்டது. நடந்து போய் ஒவ்வொரு சாக்கையும் தூக்கிப் பார்த்தாள். "மிக்கேல் வள்ளம் மொதல்ல. அடுத்தாப்புல ரெய்மண்ட். கஸ்பார் வள்ளம் ஒம்பதாவது."

"ஏய், ஒம்பதாவதா? என் சாக்கையும் தூக்கிப் பாரு," என்றான் அண்ணன்.

"தூக்கிட்டேன். பாதி கடப்பாசி. என்னை ஏமாத்தப் பாக்காவ, பாருங்க! வீட்டுக்காரரா இருந்தா ஏலத்துல சலுகையா?"

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தி, "ராத்திரிச் சோத்துலயும் ஒம்பதாவதுதானா யக்கா?" என்று கேட்டாள். கஸ்பார் தலையைச் சொறிந்துகொண்டு வரிசையில் ஒன்பதாவதாகப் போய் நின்றான்.

ஜெனோவா ஏலத் திட்டின் அருகே போனாள். "மைனி, இது என்ன?"

"எது? சாக்கா? வலையில வருத குப்பை."

"எத்தனை நாளா?"

"ஆறு வருசம் இருக்கும்." செலஸ்டினா ஏலத்தை நடத்திக்கொண்டே நடுநடுவே சொன்னாள். "ஒரு நாளு ஒரு பெரிய ஊளி மீனை அறுக்கேன், வயித்துல பதினோரு ஷாம்பு பாக்கெட்டு. வாங்க நின்ன ஆளு மூக்கப் பொத்திட்டுப் போயிட்டாரு. இந்த ஊரு மீனே வேண்டாம்னு சொல்லிட்டாரு பாத்துக்கோ. எனக்கு வந்த கோவத்துக்கு... வலையில வந்த குப்பையத் திரும்பக் கடல்ல எறியுத வள்ளத்து மீனை நாங்க எடுக்க மாட்டோம்னு பொம்பளைங்க எல்லாம் சொல்லிட்டோம். நெறஞ்ச சாக்குக்கு மொத ஏலம். மொத ஏலத்துக்குத்தான நல்ல வெல? இப்ப இவனுவ குப்பைய வெரட்டி வெரட்டிப் பிடிக்கானுவ. மீனைவிட ஆசையா."

"என்கிட்ட ஏன் யாருமே சொல்லல?"

செலஸ்டினா உண்மையாகவே வியப்போடு பார்த்தாள். "இதுல சொல்லுததுக்கு என்ன இருக்கு? வாசலைப் பெருக்குனேன்னு ஊருக்கெல்லாம் போன் போட்டா சொல்லுவாவ?"

சாக்குகள் பழைய ஐஸ் ஃபாக்டரிக்குப் போயின. ஜெனோவா பின்னாலேயே போனாள். கூரை வரை அடுக்கியிருந்தது. ஒரு சாக்கைக் கவிழ்த்துக் கைநிறைய அள்ளினாள். ஷாம்பு, ஊறுகாய், பாக்கு, தண்ணீர். பிழைப்புக்கு அன்றன்றைக்கு வாங்கிக் கிழித்துப் போடும் சின்னச் சின்ன பாக்கெட்டுகள். தயாரித்த தேதி எல்லாம் இந்த வருடம். சில பைகளில் கடைகளின் பெயர் அச்சடித்திருந்தது. ஒன்றுகூடக் கரையூர் இல்லை. எல்லாம் ஆற்றோரம், உள்ளே, அறுபது எண்பது கிலோமீட்டர் தள்ளி. திருந்திவிட்டதாக அவளுடைய மிதவைகள் சாட்சி சொன்ன ஊர்கள்.

மடிக்கணினியை ஒரு சாக்கின் மேலேயே வைத்துத் திறந்தாள். அரை வருடத்துக்கு மட்டும் பார்த்திருந்த கோட்டை ஆறு வருடத்துக்கு நீட்டினாள். பெரிய வெள்ளி. அன்று ஊரே உபவாசம். கரையில் ஒரு கூட்டமும் இருக்காது. கோடு எகிறியிருந்தது. போன கார்த்திகையில் புயல் எச்சரிக்கை, நான்கு நாள் கடலுக்குப் போகத் தடை. மழையில் எவன் கரைக்கு வந்து குப்பை போடுவான்? நான்கு நாளும் கோடு படிப்படியாக ஏறியிருந்தது.

ஆற்றுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. அவளேதான் சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள். ஏழு நாளும் ஆறு ஒரே அளவுதான் கொண்டுவருகிறது. ஆறு நாள் நாற்பது வள்ளம் அதை அள்ளுகிறது. ஏழாம் நாள் வலை காய்கிறது. அவ்வளவுதான். எழுபது சதம் குறையவே இல்லை. அந்த எழுபது சதம் இதோ, கூரையைத் தொட்டுக்கொண்டு, மீன்வாடை அடித்துக்கொண்டு நிற்கிறது.

சென்னையில் உட்கார்ந்து 'லீவு நாள் கூட்டம்' என்று எழுதியவள் அவள். இந்த ஊரில் பிறந்தவள். ஞாயிறு என்றால் கடற்கரைக்குச் சுண்டல் தின்ன வருகிறவர்களின் நாள் என்று அவள் மூளை எப்போது மாறியது? இங்கே ஞாயிறு என்றால் கடலுக்குப் போகாத நாள் அல்லவா?

வெட்கத்தோடு கூடவே வேறொன்றும் எழுந்தது. வேலைக்குச் சேர்ந்தபோது வராதது, பத்திரிகையில் படம் வந்தபோதும் வராதது. அந்த நாற்றம் பிடித்த சாக்குகளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

*

மாலையில் விஷயத்தை அவர்களிடம் சொன்னாள். வலை உலர்த்தும் இடத்தில் செலஸ்டினாவும் ஏழெட்டுப் பெண்களும் கஸ்பாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப நாங்கதான் குப்பை போடுதோம்னு உன் நக்கி சொல்லுதா?" என்றாள் செலஸ்டினா.

"நக்கி எண்ணினது சரிதான் மைனி. நான் எழுதின கணக்குதான் தப்பு. இன்னைக்கு ராத்திரி உண்மையை எழுதி அனுப்பப்போறேன். ஆனா அவங்க ஒத்துக்கலன்னா நாளைக்குச் சிவப்பு விழுந்துடும். ஆறு மாசம் ஏலம் கிடையாது."



"ஒரு வழி இருக்குல்லா?" என்றான் கஸ்பார். "ஞாயித்துக்கெழமையும் போவோம். பூசைய முடிச்சிட்டு ஒரு ஓட்டம். பல்லு விழுந்துரும். பச்சை வாங்கிருவோம்."

"போக மாட்டோம்," என்றாள் செலஸ்டினா.

"சாமியார்கிட்ட நான் பேசுதேன்."

"சாமியாருக்காவ மட்டும் சொல்லல. திங்கக்கெழம எல்லாரும் ரெட்டைச் சாக்கு கொண்டாறாவ, பாக்கியள்ல? அந்த ஒரு நாளும் நாமளே எடுத்துட்டம்னா, போடுதவன் போடவே இல்லன்னு ஆயிரும். கடலு எப்படிக் கெடக்குன்னு காட்ட ஒரு நாளாவது வேண்டாமா?" ஜெனோவாவைப் பார்த்தாள். "எத்தனை நாளு சோறு இல்லாம கெடக்கணும்? ஆறு மாசமா? கெடந்துக்கிடுவோம். நீ உள்ளத எழுது."

ஆறு வருடம் படித்துப் பத்து வருடம் உழைத்து அவள் கண்டுபிடிக்காததை மைனி செதிள் ஒட்டிய கையை ஆட்டிக்கொண்டே சொல்லிவிட்டாள். ஞாயிறு பிழையில்லை. அந்த விரிகுடா உண்மை பேசும் ஒரே நாள் அதுதான்.

இரவு எட்டு மணிக்குள் குறிப்பை எழுதி, சாக்குகளின் படங்களையும் பாக்கெட் தேதிகளையும் சேர்த்துப் பட்டியலோடு இணைத்து அனுப்பினாள். கணிப்பு மாதிரியை எழுதியவள் என்பதால் இணைக்கும் உரிமை அவளுக்கு இருந்தது. திரும்ப எடுக்கும் உரிமையும் அவளுக்கு மட்டுமே இருந்தது.

*

ஞாயிறு விடியலில் கரைக்குப் போனாள். வள்ளங்கள் மணலில் கவிழ்ந்து கிடந்தன. ஒவ்வோர் அலையும் ஏதோ ஒன்றைக் கொண்டுவந்து காலடியில் வைத்துவிட்டுப் போனது. பச்சை பாக்கெட், நீல மூடி, வெள்ளைப் பை. தூரத்தில் அவள் மிதவை ஒன்று அவற்றின் நடுவே மூழ்கி எழுந்தது. குனிந்து ஒன்றை எடுக்கப் போனவள், கையை இழுத்துக்கொண்டாள். நாளைக்கு.

பூசை முடிந்து, எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நேரத்தில் தொலைபேசி அடித்தது. கோபாலரத்தினம். அவள் கை கழுவாமலே இடது கையால் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"உங்க குறிப்பைப் படிச்சேன் ஜெனோவா. அருமையான வேலை. நிஜமாவே சொல்றேன்." குரல் இதமாக இருந்தது. "ஆனா இது வெளியே போனா என்ன ஆகும் யோசிச்சீங்களா? ஆறு வருஷ அறிக்கை அத்தனையும் பொய்னு ஆயிடும். தளர்வு நின்னுடும். மேல இருந்து எனக்குப் போன் மேல போன்."

"கட்டுப்பாடு நீடிக்கும் சார். பாக்கெட் குறையும்."

"உங்க ஊரைப் பத்தி யோசிங்க. இந்தக் குறிப்பைக் குழு ஏத்துக்கும்னு நான் உறுதி சொல்ல முடியாது. ஏத்துக்கலன்னா மிஞ்சறது அந்த ஞாயிறுகள் மட்டும்தான். சிவப்பு. அதனால ஒண்ணு பண்ணுங்க. குறிப்பைத் திரும்ப எடுத்துடுங்க. ஞாயிறுகளைக் கருவிப் பிழைன்னு போட்டு நீக்கிடுங்க. ஊர் பச்சை. பாராட்டுச் சான்றிதழ்கூட வாங்கித் தர்றேன். யாருக்கும் நஷ்டமில்ல. அஞ்சு நிமிஷ வேலை."

அவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். அண்ணன் முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்துக்கொண்டிருந்தான். ஆறு மாதம். அவன் முகத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவர்களிடம் கேட்டாயிற்று. பதிலும் வந்தாயிற்று. இனி கேட்க வேண்டியிருந்தது தன்னிடம் மட்டும்தான். அங்கே ஆச்சரியமாக எந்தத் தயக்கமும் இல்லை.

"ஜெனோவா? லைன்ல இருக்கீங்களா?"

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை சார்."

"தெரியும்மா. அதனாலதான் ஆறு மணிக்குள்ள—"

"எங்க ஊர்ல ஞாயித்துக்கிழமை வேலை செய்யறதில்ல சார்."

"எந்த ஊர்ல?" என்றார் அவர், புரியாமல்.

"செம்மணல்துறைல."

தொலைபேசியை அணைத்து ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, தன் தட்டின் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"யாரு அது, சாப்பிடுத நேரத்துல?" என்றாள் செலஸ்டினா.

"ஆபீஸ்ல இருந்து மைனி. வேலை செய்யச் சொல்லுதாவ."

"இன்னைக்கா? கிறுக்குப் பய," என்று சொல்லிவிட்டு மைனி அவள் சோற்றில் இன்னொரு அகப்பைக் குழம்பை ஊற்றினாள்.